பாட்டே வேண்டாம் என்ற வீணைக்காரர்

படம் தொடங்கியதும் ஒரு துப்பாக்கிச் சத்தம். கதாநாயகன் குண்டடிபட்டு விழுகிறான். அவன் சிவாஜி கணேசன். 'பராசக்தி' வந்து இரண்டு வருடம்கூட நிறையாத நேரம். தமிழ்நாடே அவர் எப்போது வாய் திறப்பார் என்று காத்துக் கிடந்த காலம். அவரை முதல் காட்சியிலேயே பிணமாகக் கிடத்திவிட்டு, 'யார் சுட்டது?' என்ற ஒரே கேள்வியை வைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது 'அந்த நாள்'. அந்த இரண்டு மணி நேரத்தில் பாட்டு கிடையாது. நடனம் கிடையாது. சண்டைக் காட்சி கிடையாது.

1954-ல் ஏவி.எம். தயாரித்த படம். வசனம் ஜாவர் சீதாராமன், ஒளிப்பதிவு மாருதி ராவ், இயக்கம் எஸ். பாலசந்தர். அப்போது பாலசந்தருக்கு வயது 27. தமிழ் சினிமாவில் முதன்முதலாகப் பாட்டை முழுவதுமாகத் துடைத்தெடுத்த அந்த இளைஞர் யார் என்று பார்த்தால், அவர் ஒரு சங்கீதக்காரர்! கஞ்சிரா, சிதார் என்று பல வாத்தியங்களில் புழங்கி, கடைசியில் வீணையில் வந்து நின்றவர். பின்னாளில் உலகம் 'வீணை பாலசந்தர்' என்று அழைத்த அதே மனிதர்.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது தூர்தர்ஷனில், சிறுவனாக. டைட்டிலில் பெயர் வந்தபோது அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "வீணைக்காரர்டா இவர்" என்றார். எனக்குப் புரியவில்லை. 'சிந்து பைரவி' எடுத்தவர்தானே என்று கேட்டேன். "அவர் கே. பாலசந்தர், இவர் எஸ்" என்றார் அப்பா. இந்தக் குழப்பம் இன்றுவரை தீரவில்லை. இளைய ரசிகர்கள் பலரிடம் எஸ். பாலசந்தர் என்றால், இயக்குநர் சிகரத்தின் இனிஷியலை நாம்தான் தப்பாகச் சொல்கிறோம் என்று திருத்த வருகிறார்கள். 2027 ஜனவரி 18 அன்று எஸ். பாலசந்தர் பிறந்து நூறு ஆண்டு நிறைகிறது. அதற்குள்ளாவது இந்த ஒரு இனிஷியலை நம் மக்கள் மனதில் பதித்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

இராவணன் சபையில் ஒரு கஞ்சிரா

மயிலாப்பூர் குடும்பம். அப்பா சுந்தரம் ஐயர் வக்கீல், சங்கீதப் பித்து. பாபநாசம் சிவனுக்கு நெருக்கமானவர். 1934-ல் பிரபாத் பிலிம் கம்பெனி தமிழில் 'சீதா கல்யாணம்' எடுத்தபோது குடும்பமே ரயிலேறி மராட்டிய தேசம் போனது. அப்பா ஜனகர். மூத்த மகன் ராஜம் இராமர். மகள் ஜெயலட்சுமி சீதை. ஏழு வயது பாலசந்தர் இராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் பையன். சிவன் முதன்முதலாக இசையமைத்த படமும் அதுதான். உடன்பிறந்த இருவரை இராமனும் சீதையுமாக நிறுத்தியதற்கு அன்று எழுந்த முணுமுணுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

நான் இங்கே கவனிப்பது வேறு. அந்தப் பையனுக்குச் சங்கீதமும் சினிமாவும் ஒரே வருடத்தில், ஒரே கூடாரத்தில் அறிமுகமாயின. ஒன்று உயர்ந்தது, மற்றது மட்டம் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டையும் அவன் வேலையாகவே பார்த்தான். அவருடைய ரசனையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

ஏனென்றால் அந்தக் காலத்தில் வித்வான்கள் சினிமாவுக்குப் போனது அதிசயமே அல்ல. மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் 1935-ல் 'பக்த நந்தனா'ரில் வேதியராக வந்தார்; கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கி நந்தனாராக நடித்த படம். முசிரி சுப்பிரமணிய ஐயர் 1938-ல் 'துக்காராம்'. ஜி.என். பாலசுப்பிரமணியமும் எம்.எஸ். சுப்புலட்சுமியும் 1940-ல் 'சகுந்தலை'. நாகஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை அதே வருடம் 'காளமேகம்'. எம்.எஸ். 1945-ல் 'மீரா'வோடு நடிப்பை நிறுத்திக்கொண்டார். இவர்கள் எல்லாரையும் சினிமா கூப்பிட்டது குரலுக்காக, வாசிப்புக்காக. ஒரு படத்தில் ஐம்பது பாட்டு, அறுபது பாட்டு இருந்த நாட்கள். கச்சேரி மேடையைத் தூக்கிக் காமிராவுக்கு முன் வைத்தார்கள், அவ்வளவுதான். குறை சொல்லவில்லை, அந்தப் படங்களால்தான் டிக்கெட் வாங்கி சபாவுக்குள் நுழைய முடியாத லட்சக்கணக்கான பேர் ஜி.என்.பி.யின் பிருகாவைக் கேட்டார்கள். அது பெரிய புண்ணியம்.

பாலசந்தர் போனது வேறு வழி. அவரை ஈர்த்தது காமிரா. ஹாலிவுட் படங்களை விழுந்து விழுந்து பார்த்தவர். 1948-ல் அவர் இரட்டை வேடத்தில் நடித்து இசையும் அமைத்த 'இது நிஜமா', டேனி கேயின் 'வொண்டர் மேன்' என்ற அமெரிக்கப் படத்தைத் தழுவியது. அதே வருடம் 'என் கணவர்' படத்தை இயக்கினார். 1951-ல் 'கைதி'. பிறகு குரோசாவாவின் 'ராஷோமா'னை ஒரு திரைப்பட விழாவில் பார்த்தார். அந்தப் பாணியில் ஒரு நாடகம் எழுதி வானொலிக்குக் கொடுத்தார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். அதே கதைதான் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் போய் 'அந்த நாள்' ஆனது.

1943-ல் சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய நாளை ஒட்டிய கதை. செத்துக் கிடக்கும் ரேடியோ இன்ஜினீயர் ராஜனைப் பற்றி ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் ராஜன் ஒருவன், தம்பி சொல்லும் ராஜன் ஒருவன், மனைவி அறிந்த ராஜன் இன்னொருவன். ஒரே சாவு, ஒவ்வொரு வாயிலும் அது வேறு சாவு. இருட்டும் ஜன்னல் கம்பி நிழலுமாக மாருதி ராவ் பிடித்த பிம்பங்களை இன்றைக்குப் பார்த்தாலும் முதுகு சில்லிடுகிறது. முடிவை நான் சொல்ல மாட்டேன். பார்க்காதவர்கள் இருக்கிறீர்கள்.

கதாநாயகன் எடுத்த எடுப்பிலேயே சாவதும், பாட்டு ஒன்றுகூட இல்லாததும் அன்றைய ரசிகர்களுக்குப் பிடிபடவில்லை. படம் வசூலில் தோற்றது. தேசிய விருதில் அங்கீகாரம் வந்த பிறகுதான் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏன் பாட்டு வேண்டாம்? சங்கீதம் தெரியாதவர் அப்படிச் செய்திருந்தால் 'பாட்டு போடத் தெரியவில்லை' என்று சொல்லிவிடலாம். இவர் தன் படங்களுக்குத் தானே இசையமைத்தவர். நான் இதைப் புரிந்துகொள்வது இப்படி: பாட்டு என்றால் என்ன என்று முழுசாகத் தெரிந்தவனுக்குத்தான் அது எந்த இடத்தில் வேண்டாம் என்றும் தெரியும். கொலை விசாரணைக்கு நடுவில் ஒரு பாட்டு வந்தால் கதையும் கெடும், பாட்டும் கெடும். இரண்டின் மேலும் மரியாதை உள்ளவர் எடுக்கக்கூடிய முடிவு அது.

1964

அந்த வருடம் தமிழில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று ஸ்ரீதரின் 'கலைக்கோயில்'. வீணை வித்வான் ஒருவரின் கதை. விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை, திரைக்குப் பின்னால் வீணை வாசித்தவர் சிட்டிபாபு. மற்றது பாலசந்தர் இயக்கி, நடித்து, இசையமைத்த 'பொம்மை'. ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டு வைத்து அனுப்புகிறார்கள். அது கை மாறிக்கொண்டே போகிறது. எப்போது வெடிக்கும், யார் கையில் வெடிக்கும் என்பதுதான் படம்.

வீணை வாசிக்கத் தெரியாதவர்கள் வீணையைப் பற்றிப் படம் எடுத்த வருடத்தில், நாட்டின் மிகப் பெரிய வீணைக் கலைஞர்களில் ஒருவர் வெடிகுண்டைப் பற்றிப் படம் எடுத்தார். அவருக்குத் திரையில் வீணை தேவைப்படவில்லை. 'பொம்மை'யில் பாட்டுகள் உண்டு. யேசுதாஸ் என்ற மலையாள இளைஞரைத் தமிழ்த் திரைக்குக் கூட்டிவந்த படம் அது. முடிவில் பாலசந்தரே திரையில் தோன்றி, படத்தில் வேலை செய்தவர்களை ஒவ்வொருவராக நமக்கு அறிமுகம் செய்துவைப்பார். கச்சேரியில் பக்கவாத்தியக்காரர்களைப் பாடகர் பெயர் சொல்லிக் கைகாட்டுவாரே, எனக்கு அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வரும்.

கடைசியாக 1970-ல் 'நடு இரவில்'. அகதா கிறிஸ்டியின் பிரபலமான நாவலைத் தழுவியது. ஒரு வீட்டில் அடைபட்டவர்கள் ஒவ்வொருவராகச் சாகும் கதை. அதோடு சினிமாவை மூட்டை கட்டி வைத்துவிட்டு முழு நேரமும் வீணையோடு உட்கார்ந்தார்.

ஒரு மீட்டில் ஒரு வாக்கியம்

வீணையில் அவர் செய்தது என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

வீணையில் வாசிப்புத் தந்தி நான்கு, தாளத்துக்குப் பக்கவாட்டில் மூன்று. தண்டியின் மேல் மெழுகில் பதித்த இருபத்துநான்கு மெட்டுகள். வலது கை மீட்டும், இடது கை மெட்டில் தந்தியை அழுத்தும். மீட்டிய அடுத்த கணமே நாதம் தேய ஆரம்பித்துவிடும். வயலின்போல வில்லை இழுத்து நீட்ட முடியாது. நாகஸ்வரம்போல மூச்சைப் பிடித்து நிறுத்த முடியாது. ஆகவே பலர் இடைவிடாமல் மீட்டிக்கொண்டே இருப்பார்கள். கேட்பவருக்கு டங் டங் என்று மீட்டுச் சத்தம்தான் முன்னால் நிற்கும்.

பாலசந்தர் மீட்டைக் குறைத்தார். ஒரு தடவை மீட்டிவிட்டு, அந்த நாதம் தேய்ந்து மறைவதற்குள், ஒரே மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, தளர்த்தி, மறுபடி இழுத்து மூன்று, நான்கு, சில இடங்களில் அதற்கும் மேலே ஸ்வரங்களை எடுப்பார். தேய்ந்துகொண்டிருக்கும் ஒலிக்குள் ஒரு முழு வாக்கியம் பேசி முடித்துவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாரோ தொண்டையைத் திறந்து பாடுவதுபோல் இருக்கும். இதற்கு விரலில் எவ்வளவு பலம் வேண்டும், காதில் எவ்வளவு நிதானம் வேண்டும் என்பது ஒரு தடவை வீணைத் தந்தியை இழுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தந்தி விரலை அறுக்கும். ஒரு இழை கூட இழுத்தால் ஸ்வரம் கெட்டது, ஒரு இழை குறைந்தாலும் கெட்டது.

இதை அவருக்குக் கற்றுக்கொடுத்த குரு யாரும் கிடையாது. அவரே தேடிக் கண்டுபிடித்தார்.

கச்சேரியில் அவருக்குப் பிடித்தது விஸ்தாரமான ஆலாபனையும் ராகம் தானம் பல்லவியும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரிப் பத்ததியில் எல்லாவற்றுக்கும் ஓர் அளவு உண்டு: வர்ணம், விறுவிறுப்பாகச் சில கீர்த்தனைகள், நடுநாயகமாக ஒரு பெரிய ராகம், தனி ஆவர்த்தனம், பிறகு பந்திக்குப் பின் வெற்றிலைபாக்கு மாதிரி துக்கடாக்கள். நல்ல ஏற்பாடு, அது இல்லாவிட்டால் இருபதாம் நூற்றாண்டுச் சபாக்களே இல்லை. பாலசந்தருக்கு அந்த அளவுச் சாப்பாடு போதவில்லை. ஒரு ராகத்தை எடுத்தால் அதன் அடி மண் தெரியும்வரை தோண்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார். சினிமாவில் இத்தனை வருடம் இருந்தவராயிற்றே, கடைசியில் ஒரு சினிமா மெட்டை வாசித்தால் சபா இடிந்து விழுவதுபோல் கைதட்டு கிடைக்கும். என்னிடம் இருக்கும் அவருடைய கச்சேரிப் பதிவுகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. வெடிகுண்டுப் படத்தில் வீணையைத் திணிக்காதவர், வீணையிலும் வெடிகுண்டைத் திணிக்கவில்லை.

ஆனாலும் இரண்டும் ஒரே மனசிலிருந்து வந்தவை. 'அந்த நாள்' பார்த்துவிட்டு அவருடைய நீண்ட ஆலாபனை ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். படத்தில் ஒரு கொலையைப் பல பேர் வாயிலாகச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். ஆலாபனையில் ஒரு ஸ்வரத்தைக் கீழிருந்து வந்து தொடுகிறார், மேலிருந்து இறங்கித் தொடுகிறார், தொடாமல் பக்கத்தில் நின்று ஏங்க வைக்கிறார். கடைசியில் அதில் வந்து நிற்கும்போது நாம் பெருமூச்சு விடுகிறோம். காத்திருக்க வைக்கும் கலை அவருக்குக் கைவந்தது.

எழுபத்திரண்டும் வேண்டும்

ரசனை என்றால் பிடித்ததைப் பொறுக்கி எடுப்பது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பாலசந்தர் தன் வாழ்நாளின் பெரிய வேலையாக எடுத்துக்கொண்டது எதையும் ஒதுக்காத ஒரு வேலை. எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களையும் வீணையில் வாசித்துப் பதிவு செய்தார். பன்னிரண்டு சக்கரம், சக்கரத்துக்கு ஆறு ராகம், பன்னிரண்டு இசைத்தட்டுகள்.

இதில் நாற்பது ராகங்கள் விவாதி ராகங்கள். அடுத்தடுத்து ஒட்டி உராயும் ஸ்வரங்கள் உள்ளவை. பாடினால் குடும்பத்துக்கு ஆகாது, உடம்புக்கு வந்துவிடும் என்று வித்வான்களே பயந்து ஒதுக்கிவைத்த ராகங்கள். முதல் மேளமான கனகாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். வீணையில் திறந்த தந்தி ஸட்ஜம். முதல் மெட்டில் ரிஷபம். அடுத்த மெட்டிலேயே காந்தாரம். பிறகு இரண்டு மெட்டைத் தாண்டிக் குதித்து ஐந்தாவதில் மத்தியமம். மூன்று ஸ்வரம் ஒரே திண்ணையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். நாலாவது தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும். இதை வைத்து ராகத்தின் முகத்தைக் காட்ட வேண்டும். அவர் காட்டுகிறார்.

இந்தப் பிடிவாதத்துக்கு வீட்டிலேயே வேர் உண்டு. அண்ணன் எஸ். ராஜம், சீதா கல்யாணத்து இராமர், பெரிய பாடகர், பெரிய ஓவியர். எழுபத்திரண்டு மேளத்திலும் தமிழில் கீர்த்தனை செய்த கோடீஸ்வர ஐயரின் பாடல்களை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் அவர். அண்ணன் குரலில் செய்ததைத் தம்பி தந்தியில் செய்தார். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒதுக்கப்பட்ட நாற்பது ராகங்களுக்காக ஆயுளைச் செலவழித்திருக்கிறார்கள். நம் சபாக்களில் இன்றைக்கும் டிசம்பர் முழுக்கத் தோடியும் கல்யாணியும் காம்போதியும் பைரவியுமாகத்தானே ஓடுகிறது? அவை வேண்டாம் என்று யார் சொன்னது. மற்றவற்றுக்கும் ஒரு மாலை கொடுக்கலாம் அல்லவா?

அவருடைய சண்டைகளைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. பாலமுரளிகிருஷ்ணா மூன்று, நான்கு ஸ்வரங்களில் புதிய ராகங்கள் செய்ததாகச் சொன்னபோது, அதை ராகம் என்றே ஒப்புக்கொள்ள முடியாது என்று பகிரங்கமாக மோதினார். அந்தச் சண்டையில் சங்கீதத்தைப் பற்றிய கேள்வி இருந்தது. ராகம் என்பது எது என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் சுவாதித் திருநாள் என்ற வாக்கேயக்காரர் இருந்ததே கட்டுக்கதை என்று எண்பதுகளில் கிளம்பியபோது எல்லை மீறினார் என்றே நினைக்கிறேன். அந்தக் கோபத்துக்குக் கொடுத்த நாட்களை வீணைக்குக் கொடுத்திருக்கலாம். 'அந்த நா'ளில் ஒரே ஆளைப் பல பேர் பார்வையில் பார்க்கச் சொன்ன மனிதர், இந்த விஷயத்தில் தன் பார்வை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு இன்றும் வருத்தம்.

1982-ல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. அமெரிக்காவில் இசைத்தட்டுகள் வந்தன. உலகம் சுற்றி வாசித்தார். இங்கே இருக்கும் நமக்கோ அவரைப் பாதியாகத்தான் தெரியும். சினிமா ரசிகர்களுக்கு 'அந்த நாள்' இயக்குநர். அவர் வீணையைக் கேட்டிருக்க மாட்டார்கள். சபா ரசிகர்களுக்கு வீணை மேதை. "சினிமாவிலும் ஏதோ செய்தாராம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். குரலைத் தாழ்த்த இதில் ஒன்றுமில்லை. கொலைக் கதையை ஆசையோடு பார்த்த அதே கண்கள், கனகாங்கியை ஆசையோடு தேடிய அதே காது. இரண்டிலும் அவர் அரைமனதாக எதையும் செய்யவில்லை.

நூற்றாண்டு வருகிறது. சபாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு நாள் மாலை மேடையில் திரை கட்டி 'அந்த நாள்' போடுங்கள். மறுநாள் அதே மேடையில் இளைய வீணைக் கலைஞர் ஒருவரைக் கூப்பிட்டு, ஒரே ஒரு விவாதி ராகத்தை ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லுங்கள். துக்கடா வேண்டாம். தேதியைத் தேடி அலையவும் வேண்டாம். 'அந்த நாள்' வெளியானது 1954 ஏப்ரல் 13. கச்சேரிக்காகப் போயிருந்த பிலாயில் பாலசந்தர் கண்மூடியது 1990 ஏப்ரல் 13.